மாடித் தோட்டத்தில் காப்பிச் செடி: நான்கு ஆண்டுகளாகியும் பூக்கவில்லை, இலை ஓரமும் கருகுகிறது

கேள்வி: தண்டையார்பேட்டை மாடித்தோட்டம்

அனைவருக்கும் வணக்கம். சென்னை தண்டையார்பேட்டையில், கடலிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் தொலைவுக்குள் இருக்கும் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஏழெட்டு ஆண்டுகளாகத் தோட்டம் வைத்திருக்கிறேன். கத்தரி, வெண்டை, செம்பருத்தி, நந்தியாவட்டை என்று எதை வைத்தாலும் ஓரளவு வந்துவிடுகிறது. காப்பிச் செடி ஒன்றுதான் எனக்குப் பிடிபடவில்லை.

நான்கு ஆண்டுகளுக்கு முன் ஏற்காட்டுக்குப் போயிருந்தபோது, மலைப்பாதையோர நாற்றுப்பண்ணை ஒன்றில் ஒரு சாண் உயரமுள்ள அரபிக்கா கன்றை வாங்கினேன். எந்த ஊரிலும் வளரும், மூன்றே ஆண்டில் காய்க்கும் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். சேலத்திலிருந்து இரவுப் பேருந்தில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்து, செம்மண்ணும் மணலும் தொழுவுரமும் கலந்து நட்டேன். இப்போது ஒன்றரை அடி அகலமுள்ள தொட்டியில் என் தோளுயரத்துக்கு நிற்கிறது. காலையும் மாலையும் தவறாமல் தண்ணீர் ஊற்றுகிறேன். சித்திரை, வைகாசியில் பச்சை நிழல்வலை கட்டுகிறேன். குடிப்பதற்கும் சமைப்பதற்கும் மெட்ரோ வாட்டர், மற்ற எல்லாவற்றுக்கும் போர் தண்ணீர் என்பதுதான் எங்கள் பகுதி வழக்கம் என்பதால், செடிகளுக்கும் போர் தண்ணீர்தான்.

குறைகள் இவை. முதிர்ந்த இலைகளின் நுனியும் ஓரமும் பழுப்பாகிக் காய்ந்து, தொட்டால் அப்பளம் போல நொறுங்குகின்றன. இளம் இலைகள் மஞ்சளாக வருகின்றன. நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் மட்டும் புதுத் தளிர்கள் பளபளவென்று பச்சையாக வந்து, தை மாதத்துக்குள் மறுபடியும் பழைய நிலைக்கே போய்விடுகின்றன. இதுவரை ஒரு பூ கூடப் பூக்கவில்லை. பக்கவாட்டில் நீண்ட கிளைகள் மாடிப்படிக்கு இடைஞ்சலாக இருந்ததால், கீழ்ப்பகுதிக் கிளைகளைச் சென்ற ஆண்டு வெட்டி மரம்போல் ஆக்கியிருக்கிறேன். அது தவறா என்பதையும் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும்.

இன்னொன்று. இந்தச் செடிக்குத் துணையாக வேறு சில வளர்க்கலாம் என்று, வண்ணாரப்பேட்டையில் நாங்கள் வழக்கமாகத் தூள் வாங்கும் கடையிலிருந்து வறுக்காத பச்சைக் கொட்டை நூறு கிராம் வாங்கி விதைத்தேன். இரண்டு மாதம் ஈரம் காத்தும் ஒன்றுகூட முளைக்காமல் எல்லாம் அழுகிவிட்டன. கடைக்காரர் நல்ல 'பிளாண்டேஷன் ஏ' தரம் என்றுதான் கொடுத்தார். சென்னை வெயிலில் காப்பி வராது என்பதுதான் முடிவென்றால் அதையும் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் காரணம் தெரியாமல் செடியைத் தூக்கிப் போட மனம் வரவில்லை.

பதில்: கீழ்ப்பழனிக்காரர்

வணக்கம் அம்மா. தாண்டிக்குடி, பண்ணைக்காட்டுப் பக்கம் காப்பித் தோட்டத்தில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்று, இப்போது வியாசர்பாடியில் மகள் வீட்டில் இருக்கிறேன். நீங்கள் வெயில்மீது பழி போடுகிறீர்கள். வெயிலுக்கும் பங்கு உண்டு என்றாலும், உங்கள் கேள்வியைப் படித்தவுடன் எனக்குத் தோன்றியது, இந்தச் செடி அளவுக்கு மீறிய கவனிப்பால் பூக்காமல் நிற்கிறது என்பதுதான்.

காப்பிச் செடி பூப்பதற்கு முதலில் தாகம் எடுக்க வேண்டும். மலையில் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து பனி தொடங்கும் காலத்தில், பக்கக் கிளைகளில் இலை சேரும் கணுக்கள்தோறும் அரிசி மணி அளவில் பச்சை அரும்புகள் கொத்தாக வந்துவிடும். வந்தபின் அவை வளராமல் அப்படியே உறங்கும். தை, மாசி முழுவதும் மண் காய்ந்து, உச்சி வெயிலில் இலை சற்றே துவண்டு நிற்கும்போதும் அரும்பு அசையாது. பங்குனி, சித்திரையில் திடீரென்று ஒரு நல்ல மழை பெய்தால்தான் அந்த உறக்கம் கலையும். மழை பெய்த எட்டாம் நாளோ பத்தாம் நாளோ விடியற்காலையில் தோட்டத்துக்குள் போனால், சரிவு முழுவதும் வெள்ளையாகப் பூத்து, மல்லிகையை ஒத்த வாசனை மூக்கை நிறைக்கும். இரண்டு மூன்று நாளில் பூ வாடிவிடும். இந்த மழையைத்தான் நாங்கள் பூமழை என்போம். பூ உதிர்ந்த சில வாரங்களில் காய் பிடிக்க உதவும் அடுத்த மழையைப் பின்மழை என்போம். ஒரு வருடத்து விளைச்சல் இந்த இரண்டு மழையில்தான் இருக்கிறது. பூமழை ஓர் அங்குலத்துக்குக் குறையாமல் பெய்ய வேண்டும். தூறலாக நின்றுவிட்டால் அரும்பு பாதி விழித்துப் பாதியில் கெட்டுவிடும் என்பதால், மாசி முடியும்போது வானத்தில் சிறு மேகம் கூடினாலே முதலாளிக்கும் தொழிலாளிக்கும் ஒரே படபடப்பாக இருக்கும். தண்ணீர் வசதியுள்ள தோட்டங்களில், குறிப்பாக ரொபஸ்டா என்ற இன்னொரு காப்பி இனத்தைப் பயிரிடும் இடங்களில், மழைக்குக் காத்திராமல் தூவல் பாசனம் அமைத்து அந்த ஓர் அங்குல மழையைத் தாங்களே பெய்விப்பார்கள்.

இப்போது உங்கள் தொட்டிக்கு வாருங்கள். காலையும் மாலையும் ஆண்டு முழுவதும் தண்ணீர் ஊற்றினால் அந்தச் செடிக்குக் கோடை எது, மழை எது என்று எப்படித் தெரியும்? உறக்கமும் இல்லை, விழிப்பும் இல்லை.

அடுத்தது நீங்கள் செய்த கவாத்து. காப்பிச் செடியில் இரண்டு வகை வளர்ச்சி உண்டு: நேராக மேலே போகும் நடுத்தண்டு ஒன்று, அதிலிருந்து இருபுறமும் கைவிரித்தாற்போல் கிடையாகப் போகும் பக்கக் கிளைகள். பூவும் காயும் பக்கக் கிளையில்தான் வரும். அதிலும், சென்ற ஆண்டு வளர்ந்த குச்சியில்தான் இந்த ஆண்டு காய்க்கும். ஒருமுறை காய்த்த கணு பெரும்பாலும் மறுமுறை காய்ப்பதில்லை. அதனால்தான் நாங்கள் அறுவடை முடிந்ததும் காய்த்து ஓய்ந்த குச்சிகளைக் கழித்துப் புதுக் குச்சிக்கு இடம் விடுகிறோம். நடுத்தண்டை அரபிக்காவில் முதலில் இரண்டரை அடியில் கிள்ளி, பிறகு நாலரை, ஐந்தடிக்கு மேல் போகாமல் நிறுத்துகிறோம். அப்படி நிறுத்தியபின் அடியிலிருந்து நேர்க்குத்தாகக் கிளம்பும் தளிர்களை வாரந்தோறும் ஒடித்துப் போடுகிறோம். நீங்கள் தலைகீழாகச் செய்திருக்கிறீர்கள்: காய்க்கும் கிளையை எடுத்துவிட்டு, காய்க்காத தண்டை உயரவிட்டிருக்கிறீர்கள். இது பெருந்தவறு என்று பயமுறுத்த மாட்டேன். ஆனால் வெட்டிய கணுவிலிருந்து மறுபடியும் அதேபோன்ற பக்கக் கிளை வராது என்பதால், மேலே எஞ்சியிருப்பவற்றைக் கண்ணும் கருத்துமாகக் காப்பாற்றுங்கள்.

நிழலைப் பற்றியும் ஒரு வார்த்தை. எத்தியோப்பியக் காடுகளில் பெருமரங்களின் அடியில் வளர்ந்த குலம் இது. எங்கள் தோட்டங்களில் சில்வர் ஓக், பலா, கல்யாண முருங்கை ஆகியவற்றின் கீழேதான் காப்பி நிற்கும். மரத்தில் மிளகுக் கொடி ஏறும். இடையில் மலைவாழையும் ஆரஞ்சும் இருக்கும். ஆனால் நிழல் என்பது ஆண்டு முழுவதும் ஒரே அளவில் போடும் போர்வை அல்ல. கோடையில் அடர்த்தியாக விட்டு, மழைக்காலம் தொடங்குமுன் கல்யாண முருங்கையின் கிளைகளைக் கழித்து வெளிச்சம் கொடுப்போம். வெளிச்சம் போதாவிட்டால் அரும்பு குறையும், ஈரம் தேங்கினால் நோய் வரும். நீங்கள் கோடையில் மட்டும் வலை கட்டுவது சரியான பழக்கம்தான். அதை மாசியிலேயே தொடங்கி, மாலை வெயில் அடிக்கும் மேற்குப் பக்கத்தையும் மறைத்துவிடுங்கள்.

கடைக்கொட்டை முளைக்காததற்குக் கடைக்காரர் பொறுப்பில்லை. செடியிலிருந்து பறித்த சிவந்த பழத்தை அன்றைக்கே பல்ப்பரில் கொடுத்துத் தோலை நீக்குகிறோம். கொட்டையைச் சுற்றி வழுவழுப்பான பசை இருக்கும். தொட்டியில் ஓர் இரவும் ஒரு பகலும், குளிர் அதிகமென்றால் இன்னும் சிறிது நேரமும் ஊறவைத்து நொதித்தபின் அலசினால் பசை கழன்று, கையில் எடுத்துத் தேய்க்கும்போது கூழாங்கல் உரசுவதுபோல் கரகரவென்று ஒலிக்கும். பிறகு களத்தில் உலர்த்துவோம். இந்த நிலையில் கொட்டையின் மேல் வைக்கோல் நிறத்தில் ஒரு மெல்லிய ஓடு இருக்கும். இதைப் பார்ச்மெண்ட் என்போம். கியூரிங் ஆலையில் அந்த ஓட்டையும் உடைத்து நீக்கி, அளவு வாரியாகச் சலித்துப் பிரித்தபின் வருவதுதான் உங்கள் 'பிளாண்டேஷன் ஏ'. காப்பி விதைக்கு நெல்லைப்போல நீண்ட ஆயுள் இல்லை. பறித்த சில வாரங்களிலேயே முளைப்புத் திறன் இறங்கத் தொடங்கி, சில மாதங்களில் பெரும்பாலும் அற்றுப்போகும். ஓடு போய், நன்றாக உலர்ந்து, மூட்டையில் மாதக்கணக்கில் கிடந்து, வண்ணாரப்பேட்டை வரை வந்த கொட்டையில் உயிர் இருக்காது.

விதையிலிருந்துதான் வளர்க்க வேண்டுமென்றால், மார்கழியில் நன்றாகப் பழுத்த பழத்தைப் பறித்து, தோலைப் பிதுக்கி, சாம்பலில் புரட்டி நிழலில் உலர்த்தி, ஓட்டோடு, தட்டையான பக்கம் கீழே இருக்கும்படி விதைக்க வேண்டும். ஏறத்தாழ 45 நாளில் தண்டு வளைந்து எழும்பி, கொட்டையையே தலையில் தூக்கிக்கொண்டு நிமிரும். தொப்பி போட்ட சிப்பாய்போல் வரிசையாக நிற்கும் அந்தப் பருவத்தில்தான் நாற்றைப் பாத்தியிலிருந்து எடுத்துக் காட்டு மண்ணும் தொழுவுரமும் மணலும் நிரப்பிய பைக்கு மாற்றுவோம். பூவுக்கு நான் சொல்லவேண்டியது இவ்வளவுதான். உங்கள் இலை கருகுவது வேறு கதை. அதைத் தண்ணீர் விவரம் தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

பதில்: கொளத்தூர் தொட்டிச்செடி

அந்த வேறு கதை உப்புக் கதைதான் அக்கா. நீங்களே உங்கள் கேள்வியில் விடையை எழுதிவிட்டீர்கள்: மழைக்காலத்தில் மட்டும் தளிர் பச்சையாக வருகிறது. மழை தொட்டி மண்ணிலிருக்கும் உப்பை அலசிக்கொண்டு போகிறது. மழை நின்றதும் போர் தண்ணீர் மறுபடியும் உப்பைக் கொண்டுவந்து சேர்க்கிறது. கடலோரத்தில் எடுக்கும் நிலத்தடி நீர் எப்படி இருக்கும் என்று நம் பக்கத்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை; குழாய் வாயில் வெள்ளையாகப் பூத்திருப்பதைப் பார்த்தாலே தெரியும். முருங்கையும் கத்தரியும் ஓரளவு பொறுத்துக்கொள்ளும். காப்பி பொறுக்காது.

என்னிடம் குடகிலிருந்து நண்பர் கொடுத்த ரொபஸ்டா கன்று ஒன்று ஆறு ஆண்டுகளாக இருக்கிறது. முதல் இரண்டு ஆண்டு எனக்கும் இதே கருகல். பிறகு குளிர்சாதனப் பெட்டியிலிருந்து வழியும் தண்ணீரை வாளியில் பிடித்து ஊற்றத் தொடங்கினேன். அதில் உப்பே கிடையாது. கோடையில் ஒரே இரவில் அரை வாளிக்கு மேல் சேர்ந்துவிடுகிறது. மழைக்காலத்தில் மாடித் தண்ணீர் இறங்கும் குழாயின் கீழே 200 லிட்டர் டிரம் ஒன்றை வைத்து, முதல் மழையை விட்டுவிட்டு அடுத்தடுத்த மழையைப் பிடிக்கிறேன். மழைநீர்ச் சேகரிப்பு 2003லேயே எல்லா வீட்டுக்கும் கட்டாயமாகிவிட்டதால் குழாய் எப்படியும் இருக்கும். டிரம் மட்டும்தான் செலவு. மாற்றிய மூன்றாம் மாதமே கருகல் நின்றது.

இரண்டு எச்சரிக்கைகள். தொட்டியின் அடித் துளை அடைபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்; 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மூன்று நாள் நீர் தேங்கி என் செடியின் பாதி இலைகள் உதிர்ந்தன. இலையின்மேல் படியும் கரித்தூசியை வாரம் ஒருமுறை ஈரத்துணியால் துடையுங்கள். நம் பக்கத்தில் அது ஒரு தனி வேலை.

என் செடியிலும் ஒரு மர்மம் இருக்கிறது. இரண்டு ஆண்டாக நன்றாகப் பூக்கிறது. ஒரு காய்கூடப் பிடிக்கவில்லை. எறும்பு என்றும் வெப்பம் என்றும் ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். மேஸ்திரி ஐயா இதற்கும் ஒரு வழி சொல்லக்கூடாதா?

பதில்: பெரம்பூர் தாவரவியல் ஆசிரியை

மேஸ்திரி ஐயா பதில் சொல்லுமுன் நான் குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். கடைசிக் கேள்வி நான் ஆண்டுதோறும் வகுப்பில் நடத்தும் பாடம் என்பதால் கை சும்மா இருக்கவில்லை. கொளத்தூர் நண்பரின் செடி காய்க்காததற்கு எறும்பும் காரணமில்லை, வெப்பமும் முதற்காரணமில்லை. ரொபஸ்டா தன் மகரந்தத்தால் தானே கருவுறாத இனம். காற்றும் தேனீயும் வேறொரு ரொபஸ்டா செடியின் மகரந்தத்தைக் கொண்டுவந்து சேர்த்தால்தான் காய் பிடிக்கும். குடகில் அக்கம்பக்கத்தில் ஆயிரம் செடிகள் நிற்பதால் யாரும் இதைக் கவனிக்க மாட்டார்கள். கொளத்தூரில் உங்கள் செடி தனிக்கட்டை. இன்னொரு கன்று வாங்கி வையுங்கள், ஆனால் இதே செடியிலிருந்து பதியம் போட்ட கன்றாக அது இருக்கக்கூடாது. அது செடியின் உறவுகூட அல்ல, அதே செடிதான்.

அரபிக்காவுக்கு இந்தச் சிக்கல் இல்லை. ரொபஸ்டாவுக்கு 22 குரோமோசோம்கள் என்றால் அரபிக்காவுக்கு 44. மிகப் பழங்காலத்தில் ரொபஸ்டாவும் யூஜினாய்டிஸ் என்ற மற்றொரு காப்பி இனமும் இயற்கையாகக் கலந்து பிறந்த கலப்பினம் அது. தன் பூவுக்குத் தானே போதும். ஆகவே தண்டையார்பேட்டை அம்மாவிடம் ஒற்றைச் செடி இருப்பது குறையல்ல. ஆனால் இதே குணத்துக்கு வேறொரு பக்கமும் உண்டு. தானே கருவுறும் பயிரில் வேறுபாடு குறைவு, வேறுபாடு குறைந்த பயிரில் நோய் ஒன்றைத் தாக்கினால் எல்லாவற்றையும் தாக்கும். இலங்கையில் 1869இல் தென்பட்ட இலைத்துரு நோய் அடுத்த இருபது ஆண்டுகளில் அந்தத் தீவின் காப்பித் தோட்டங்களைக் கிட்டத்தட்ட இல்லாமலாக்கி, அந்த மலைகளையெல்லாம் தேயிலைக்கு மாற்றியதற்கு இதுவும் ஒரு காரணம். கர்நாடகத்தில் பாலேஹொன்னூரில் 1925இல் தொடங்கிய காப்பி ஆராய்ச்சி நிலையத்தின் பெரும்பணியே துருவைத் தாங்கும் ரகங்களைத் தேடுவதாக இருந்திருக்கிறது. நம் மலைகளில் இன்றும் பரவலாக நிற்கும் எஸ். 795 அங்கிருந்து வந்ததுதான். அம்மாவின் செடியில் இலையின் அடிப்புறத்தில் ஆரஞ்சு நிறப் பொடி ஒட்டாத வரையில் துருவைப் பற்றிக் கவலை வேண்டாம். ஓரம் கருகுவது துருவின் அடையாளம் அல்ல.

இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்பது பற்றி இதுவரை யாரும் சொல்லவில்லை. அது உப்பின் நேரடி விளைவல்ல, இரும்புச் சத்துக் குறைவு. காப்பி சற்றே புளித்த மண்ணை விரும்பும். அமில-கார அளவு 6 முதல் 6.5 வரை இருப்பது நல்லது. நம் போர் தண்ணீரிலுள்ள சுண்ணாம்பு மண்ணைக் காரமாக்கிவிடுவதால், மண்ணில் இரும்பு இருந்தாலும் வேரால் எடுக்க முடிவதில்லை. அதனால் துருப்பிடித்த ஆணியைத் தொட்டியில் புதைக்கும் வைத்தியத்தால் பயன் இல்லை. தண்ணீரை மாற்றுவதுதான் வழி. அதுவரையில், உரக்கடையில் கிடைக்கும் கொடுக்கிணைப்பு இரும்பை (சீலேட்டட் அயர்ன்) உறையில் எழுதியிருக்கும் அளவில் இலைமேல் தெளிக்கலாம்.

மேஸ்திரி ஐயா சொன்னதில் ஓர் இடத்தில் மட்டும் எனக்குச் சிறு மாறுபாடு. வெயிலை அவர் கொஞ்சம் லேசாக விட்டுவிட்டார். அரபிக்கா நம் நாட்டில் 1,000 மீட்டருக்கு மேல், 15 முதல் 25 டிகிரி வெப்பத்தில் செழிக்கும் செடி. சென்னையோ கடல்மட்டத்திலிருந்து சில மீட்டர் உயரம்தான். 2003 மே மாதம் இந்த ஊரில் 45 டிகிரி பதிவானதை நாம் மறந்திருக்க மாட்டோம். பகல் வெப்பத்தைவிட, மே மாதத்து இரவுகளும் குளிராமல் இருப்பதுதான் எனக்குக் கவலை. அரும்பு விரியும் நேரத்தில் வெப்பம் மிகுந்தால் பூ முழுமை பெறாமல், பச்சை நட்சத்திரம்போல் கட்டையாக நின்று வீணாகிவிடும். ஆகவே சித்திரைவரை காத்திருக்காமல், மாசியிலேயே செயற்கையாகப் பூமழையை வரவழைத்துவிடுங்கள் என்பது என் யோசனை.

கூடுதலாக ஒரு செய்தி. இட்லிப்பூச் செடியும், புறம்போக்கு நிலங்களில் தானாக முளைத்து நிற்கும் மஞ்சணத்தியும் காப்பியின் குடும்பத்தைச் சேர்ந்தவையே. எதிரெதிராக அமைந்த இலைகளுக்கு நடுவே, தண்டில் முக்கோண வடிவில் ஒரு சிறு செதில் இருப்பதை மூன்றிலும் பார்க்கலாம். உறவினர்கள் இந்த ஊரின் உப்பையும் வெயிலையும் தாங்கிப் பழகிவிட்டார்கள். இது மட்டும் இன்னும் மலையிலேயே இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறது.

பதில்: கீழ்ப்பழனிக்காரர்

ஆசிரியை அம்மா சொல்வதை ஏற்றுக்கொள்கிறேன். தொட்டி மண் தரைமண்ணைவிட வேகமாகச் சூடாகும் என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை. ஆகவே வேலையை இப்படி முறைப்படுத்திக்கொள்ளுங்கள். இந்த மார்கழி முடிவதற்குள் மழைநீரோ மெட்ரோ வாட்டரோ எது கிடைக்கிறதோ அதைத் தொட்டி நிரம்ப ஊற்றி, அடித்துளை வழியாக முழுவதும் வடியவிட்டு, இரண்டு மூன்று நாள் இடைவெளியில் நான்கைந்து முறை மண்ணை அலசுங்கள். அலசுவதை முடிக்காமல் காயப்போட்டால் உப்பு இன்னும் கெட்டியாகி வேரைச் சுட்டுவிடும். தை பிறந்ததும் தண்ணீரைக் குறையுங்கள். அடியோடு நிறுத்த வேண்டாம், தொட்டிச் செடி தாங்காது. உச்சி வேளையில் இலை லேசாகத் தொங்கி, பொழுது சாய்ந்ததும் தானாக நிமிர வேண்டும். காலையிலும் நிமிராமல் இருந்தால் ஒரு சொம்பு ஊற்றுங்கள். இப்படி ஐந்து வாரம். பிறகு ஒருநாள் மாலையில் பூவாளியால், இலையும் கிளையும் நனைய, உப்பில்லாத தண்ணீரை மழைபோல் பொழியுங்கள். ஒன்றரை அடித் தொட்டிக்கு ஓர் அங்குல மழை என்பது ஏறக்குறைய நாலு லிட்டர்; நீங்கள் ஐந்து லிட்டராகவே ஊற்றுங்கள்.

அதற்கு முன் ஒரு வேலை. இருக்கும் பக்கக் கிளைகளில் இலைக்காம்பின் மடியைப் பிரித்துப் பார்த்து, அரும்பு இருக்கிறதா என்று சொல்லுங்கள். அரும்பே இல்லையென்றால் இந்த ஆண்டு செடியை வாட்டுவதில் பொருளில்லை.

மறுமொழி: தண்டையார்பேட்டை மாடித்தோட்டம்

நீங்கள் சொன்னபடி மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். மேலிருந்து மூன்றாவது, நான்காவது அடுக்குக் கிளைகளில் கணுவுக்கு இரண்டு மூன்றாக, பச்சையாக, பிசினில் தோய்த்ததுபோல் அரும்புகள் இருந்தன. இத்தனை நாள் அவற்றை இலைத் தளிர் என்று நினைத்திருந்தேன். இலையின் அடியில் ஆரஞ்சுப் பொடி எதுவும் இல்லை.

மறுமொழி: தண்டையார்பேட்டை மாடித்தோட்டம்

மூன்று மாதம் கழித்து எழுதுகிறேன். மண்ணை ஐந்து முறை அலசினேன். முதல் முறை வடிந்த நீரைத் தரையில் விட்டதில், காய்ந்தபின் தளத்தில் வெள்ளைப் படலம் படிந்ததை நானே பார்த்தேன். தை முழுவதும் செடியை வாடவிட்டது எனக்குத்தான் பெரிய சோதனை. மத்தியானத்தில் அது தலை தொங்கி நிற்பதைப் பார்த்துவிட்டு வாளியோடு இரண்டு முறை படியேறித் திரும்பி வந்தேன். எதிர்வீட்டில் குளிர்சாதனப் பெட்டித் தண்ணீரைப் பிடித்துக் கொடுத்தார்கள். மாசி மூன்றாம் ஞாயிறு மாலை பூவாளியால் ஊற்றினேன். நான்கு நாளில் அரும்பு வெளுக்கத் தொடங்கி, ஒன்பதாம் நாள் காலை பதினேழு பூக்கள். மாடிக்கதவைத் திறந்தவுடன் வாசனை வந்தது. மாலையில் தேனீக்கள்கூட வந்தன. பூ உதிர்ந்தபின் எண்ணிப் பார்த்ததில் ஆறு இடங்களில் குண்டூசித் தலை அளவில் பச்சையாக ஏதோ நிற்கிறது. மூன்று வாரமாக அது அப்படியே இருக்கிறது, கொஞ்சமும் பெருக்கவில்லை. உரம் வைக்கலாமா?

பதில்: கீழ்ப்பழனிக்காரர்

வேண்டாம் அம்மா. அது காய்தான். குண்டூசித் தலையாகவே ஒன்றரை, இரண்டு மாதம் நின்று, அதன்பிறகுதான் திடீரென்று பருக்கும்; தோட்டத்திலும் அப்படித்தான். இனிமேல் செடியை வாடவிடக் கூடாது. பின்மழை உங்கள் பூவாளியிலிருந்துதான் வர வேண்டும். மேற்குப் பக்க வலையை இன்றே கட்டுங்கள். மண்ணின்மேல் காய்ந்த இலையைக் கனமாகப் பரப்பி வையுங்கள், வேர் சூடாகாது. காய் பெருக்கத் தொடங்கியபின் கைப்பிடி மண்புழு உரம் போதும். அரபிக்கா பூத்ததிலிருந்து பழுக்க எட்டு, ஒன்பது மாதம் ஆகும் என்பதால் ஐப்பசி, கார்த்திகையில் சிவக்கும். அணிலுக்கு முந்திப் பறித்து, ஆறு பழத்தையும் விதைக்கே வைத்துக்கொள்ளுங்கள். பழத்துக்கு இரண்டு கொட்டை வீதம் பன்னிரண்டு. ஏதாவது ஒன்றில் ஒற்றைக் கொட்டையாக உருண்டு இருந்தால் அது பீபெரி, அதையும் விதைக்கலாம். இரண்டு கன்று கூடுதலாக வந்தால் வியாசர்பாடிக்கு ஒன்று கொடுத்தனுப்புங்கள்.